சூரை மீனிலிருந்து ஸ்காலப் சிப்பி வரை: ஜப்பான் மீனவர்களின் பழைய கணக்கு

2023 ஆகஸ்ட் கடைசி வாரம். இங்கே கொல்கத்தாவில் எங்கள் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றோ சுற்று என்று சுற்றியது. ஜப்பான்காரன் அணு உலைத் தண்ணீரைக் கடலில் திறந்துவிட்டான், இனி முப்பது வருஷத்துக்குக் கடல் மீனைத் தொடாதீர்கள், இதைப் பத்துப் பேருக்கு அனுப்புங்கள். வழக்கமான ரகம்தான். ஆனால் வீட்டில் இரண்டு வாரம் வஞ்சிரம் நின்றுபோனது. ஆபீசில் பெங்காலி நண்பர்கள் அசரவில்லை. அவர்களுக்கு ஆறும் குளமும் தருவதுதான் மீன், கடலில் வருவது ஏதோ ஒன்று.

நான் தூத்துக்குடிக்காரன். மீன் விஷயத்தில் யாராவது பயம் காட்டினால் விடமாட்டேன். படித்தது பி.காம்., இயற்பியல் பன்னிரண்டாம் வகுப்பிலேயே கூட எடுத்ததில்லை. ஆனாலும் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, தண்ணீரைவிடப் பழைய கணக்குதான் பெரிதாகத் தெரிந்தது.

முதலில் தண்ணீர் விஷயத்தை முடித்துவிடுவோம்.

2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கமும் சுனாமியும் வந்து ஃபுகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்தில் மூன்று உலைகளின் எரிபொருள் உருகியது. அந்த உருகிய குழம்பைக் குளிர்விக்க ஊற்றிய தண்ணீர், உள்ளே கசிந்து வந்த நிலத்தடி நீர், மழைநீர் எல்லாம் சேர்ந்து கதிரியக்கத் தண்ணீராகிவிட்டது. நிலையத்தை நடத்தும் டெப்கோ கம்பெனி அதை வடிகட்டி, வளாகத்திலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொட்டிகளில் சேர்த்துவைத்தது. 2023-ல் சுமார் 13 லட்சம் டன். வடிகட்டும் அமைப்பின் பெயர் ஆல்ப்ஸ் (மலை இல்லை!). சீசியம், ஸ்ட்ரான்ஷியம் உட்பட 62 வகைக் கதிரியக்கப் பொருட்களைக் குறைப்பதற்காகக் கட்டியது. டிரிடியத்தை மட்டும் அதனால் பிடிக்க முடியாது, ஏனென்றால் டிரிடியம் என்பது ஹைட்ரஜனின் கனத்த உருவம். தண்ணீரோடு சேராமல், தண்ணீராகவே ஆகிவிடுகிறது. தண்ணீரிலிருந்து தண்ணீரை எப்படி வடிகட்டுவது?

அந்த எல்லாத் தொட்டிகளிலும் சேர்த்து இருந்த டிரிடியம் எவ்வளவு தெரியுமா? கதிரியக்க அளவிலிருந்து எடைக்கு மாற்றிப் பார்த்தால் சுமார் இரண்டரை கிராம். வருஷத்துக்கு விடலாம் என்று வைத்திருக்கும் உச்சவரம்பு 22 டெராபெக்கரல். எடையில் 60 மில்லிகிராம் மாதிரி வரும். நகைக்கடன் கவுண்டரில் தராசைப் பார்த்துப் பழகிய எனக்கு, அந்த 60 மில்லிகிராம் சட்டென்று கண்ணுக்குத் தெரிந்தது. மூக்குத்தியின் திருகாணி கூட அதைவிடக் கனம். எடை குறைவு என்பதற்காக ஆபத்து குறைவு என்று சொல்லிவிட முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டிரிடியத்தின் கதிர் மிக வலுவற்றது. உடம்புக்குள் போனாலும் பெரும்பகுதி சில வாரங்களில் வெளியேறிவிடும். கடலில் விடும்முன் லிட்டருக்கு 1,500 பெக்கரலுக்குக் கீழே வரும்வரை கடல்நீர் கலக்கிறார்கள். குடிநீருக்கே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வழிகாட்டு அளவு 10,000.

டெப்கோ இன்னொன்றும் செய்தது. 2022-லிருந்து அந்தத் தண்ணீரைக் கலந்த தொட்டியில் ஹிரமே என்ற தட்டை மீனை (நம் நாக்கு மீனுக்கு ஒன்றுவிட்ட சகோதரன்) வளர்த்து, இணையத்தில் நேரலையாகக் காட்டியது. மீனுக்குள் டிரிடியம் சுற்றியுள்ள தண்ணீரின் அளவுக்கு ஏறி அங்கேயே நின்றது. நல்ல கடல்நீருக்கு மாற்றினால் இறங்கிவிட்டது. 2023 ஜூலை 4 அன்று சர்வதேச அணுசக்தி முகமையின் தலைவர் கிராஸி டோக்கியோவில் பிரதமர் கிஷிதாவின் கையில் அறிக்கையைக் கொடுத்தார்: திட்டம் சர்வதேசத் தரத்துக்கு உட்பட்டது, மனிதர்களுக்கும் சூழலுக்கும் பாதிப்பு புறக்கணிக்கத்தக்க அளவே. ஆகஸ்ட் 24 மதியம் ஒரு மணி வாக்கில் தண்ணீர் திறக்கப்பட்டது. கடலுக்கடியில் ஒரு கிலோமீட்டர் சுரங்கக் குழாய் வழியாக, முதல் தவணை 7,800 டன்.

இவ்வளவு தெளிவாக இருக்கிறதே, பிறகு ஃபுகுஷிமா மீனவர்களே ஏன் எதிர்த்தார்கள்? அவர்களுக்குத்தானே மீன் விற்க வேண்டும்? இங்கேதான் பழைய கணக்கு வருகிறது.

1954-க்குப் போக வேண்டும். மார்ச் 1 அன்று பசிபிக்கின் பிகினி தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. எதிர்பார்த்ததைவிட இரு மடங்குக்கும் மேல் பெரிதாக வெடித்தது. தூரத்தில் சூரை பிடித்துக்கொண்டிருந்த டாய்கோ ஃபுகுர்யு மாரு என்ற ஜப்பானியப் படகின் மேல் வெள்ளைச் சாம்பல் மழைபோலக் கொட்டியது. படகில் 23 பேர். யாய்சு துறைமுகத்துக்குத் திரும்பும்போதே அவர்களுக்கு உடம்பு கெட்டிருந்தது. வானொலி இயக்குநர் குபோயாமா செப்டம்பரில் இறந்தார். ஆனால் விஷயம் வெளியே தெரிவதற்குள் அந்தப் படகின் மீன் சந்தைக்குப் போய்விட்டது!

பிறகு நடந்ததைச் சொல்லவும் வேண்டுமா? 'அணுகுண்டு சூரை' என்று ஒரு பெயரே பிறந்தது. மீன்கடைக்காரர்கள் எங்கள் கடையில் அந்த மீன் இல்லை என்று அட்டை எழுதித் தொங்கவிட்டார்கள். டோக்கியோவின் ட்சுகிஜி சந்தையில் விலை விழுந்தது, வாங்கிய மீனைக் குழிதோண்டிப் புதைத்தார்கள். அந்த வருஷம் எண்ணூறுக்கும் மேற்பட்ட படகுகளின் மீனில் கதிரியக்கம் கண்டு, கிட்டத்தட்ட 486 டன் மீனை அழித்தார்கள். ட்சுகிஜி வியாபாரிகள் கூட்டம் போட்டார்கள், டோக்கியோவின் சுகினாமி பகுதிப் பெண்கள் குண்டுக்கு எதிராகக் கையெழுத்து வாங்க ஆரம்பித்தார்கள், அது மூன்று கோடியைத் தாண்டியது.

பிறகு 1954 டிசம்பரோடு அரசாங்கம் சூரை மீன் பரிசோதனையையே நிறுத்திவிட்டது. அடுத்த மாதம் அமெரிக்கா 20 லட்சம் டாலர் கொடுத்தது, நஷ்ட ஈடு என்ற பெயரில் அல்ல, பொறுப்பை ஏற்காத கருணைத் தொகையாக. கணக்கு முடிக்கப்பட்டது. வாராக்கடனை எழுதித் தள்ளிவிட்டு ஃபைலை மூடுவது எப்படி என்று எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் மற்ற படகுகளில் இருந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று பல்லாண்டுகள் யாரும் கேட்கவில்லை.

அதற்கு இரண்டே வருஷம் கழித்து 1956-ல் மினமாட்டா. ரசாயன ஆலை கடலில் விட்ட பாதரசம் மீன் வழியாக மனிதர்களுக்குள் போனது. ஆலைதான் காரணம் என்று அரசு ஒப்புக்கொள்ள 1968 ஆயிற்று. கடல் பெரியது, கரைந்துவிடும் என்ற பேச்சை அந்தத் தலைமுறை ஏற்கெனவே கேட்டிருந்தது.

இப்போது ஃபுகுஷிமாவுக்குத் திரும்புவோம். 2011 ஏப்ரலில், அதிகக் கதிரியக்கத் தண்ணீருக்கு இடம் வேண்டும் என்று, பத்தாயிரம் டன்னுக்கு மேல் குறைந்த கதிரியக்கத் தண்ணீரை டெப்கோ கடலில் விட்டது. மீனவர்களைக் கேட்கவில்லை, தென்கொரியா எங்களுக்கு ஏன் முன்கூட்டிச் சொல்லவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டது. கரையோர மீன்பிடிப்பு நின்றது. 2012 ஜூனில் பேய்க்கணவாய், சங்கு வகை என்று மூன்றே இனங்களோடு சோதனை முறையில் ஆரம்பித்தார்கள். அரசின் வரம்பு கிலோவுக்கு 100 பெக்கரல் சீசியம். மீனவர் சங்கம் தனக்குத் தானே 50 என்று வைத்துக்கொண்டது. சட்டத்தைவிடக் கடுமையாகத் தன்னையே கட்டிக்கொள்ளும் கடனாளியை நான் என் சர்வீசில் அதிகம் பார்த்ததில்லை.

2013 ஆகஸ்டில் ஒரு தொட்டியிலிருந்து 300 டன் கசிந்தது தெரியவந்தது. அடுத்த மாதமே தென்கொரியா எட்டு மாகாணங்களின் மீனைத் தடைசெய்தது. ஜப்பான் உலக வர்த்தக அமைப்புக்கு வழக்கு கொண்டுபோய் 2018-ல் ஜெயித்து, 2019 ஏப்ரலில் மேல்முறையீட்டில் தோற்றது. இன்றைய மீனில் அளந்த அளவை மட்டும் பார்த்தது போதாது, கொரியா வைத்திருந்த மற்ற அளவுகோல்களையும் பார்த்திருக்க வேண்டும் என்பது சாரம்.

2015 ஆகஸ்டில்தான் முக்கியமான காகிதம். உலைக்கட்டடத்தைச் சுற்றியுள்ள கிணறுகளின் நிலத்தடி நீரைச் சுத்தம்செய்து கடலில் விட மீனவர்கள் சம்மதம் கொடுத்தார்கள். பதிலுக்கு அரசும் டெப்கோவும் எழுத்தில் தந்தது: தொட்டித் தண்ணீரைச் சம்பந்தப்பட்டவர்களின் புரிதல் இல்லாமல் எந்த வகையிலும் அப்புறப்படுத்த மாட்டோம். ஒரு கை கொடுத்து ஒரு கை வாங்கிய உறுதிப்பத்திரம்.

2018-ல் இன்னொரு அடி. ஆல்ப்ஸில் சுத்தமாகிவிட்டது என்று எல்லோரும் நினைத்திருந்த தண்ணீரில் சுமார் 80 சதவீதத்தில், டிரிடியம் தவிர வேறு பொருட்களும் வெளியேற்ற வரம்பைத் தாண்டி இருப்பதாக டெப்கோ ஒப்புக்கொண்டது. மறுபடி வடிகட்டியபிறகுதான் விடுவோம் என்றது, 2023-ல் அப்படித்தான் விட்டது. இருக்கட்டும். ஆனால் ஆடிட்டில் இப்படி ஒரு பக்கம் வந்துவிட்டால், அதற்குப் பிறகு அந்தக் கணக்கில் எந்தப் பக்கத்தை நம்புவது?

2021 ஏப்ரல் 13 அன்று பிரதமர் சுகாவின் அமைச்சரவை கடலில் விட முடிவெடுத்தது. அதற்குப் பதினைந்து நாள் முன்புதான் ஃபுகுஷிமா மீனவர்கள் சோதனை மீன்பிடிப்பை முடித்து, பழைய நிலைக்குத் திரும்பும் ஏற்பாட்டில் இருந்தார்கள். 2022-ல் அவர்கள் பிடிப்பு விபத்துக்கு முன்பிருந்ததில் ஐந்தில் ஒரு பங்குதான். 2023 ஆகஸ்ட் 21 அன்று தேசிய மீனவர் கூட்டமைப்பின் தலைவர் சகாமோடோ, கிஷிதாவைச் சந்தித்தார். ஜப்பானிய மொழியில் இரண்டு சொற்கள் உண்டு. 'அன்ஸென்' என்றால் பாதுகாப்பு, 'அன்ஷின்' என்றால் மன நிம்மதி. அறிவியல் தரும் அன்ஸென் வேறு, சமூகத்துக்கு வேண்டிய அன்ஷின் வேறு, எங்கள் எதிர்ப்பு மாறவில்லை என்றார். 2015 வாக்குறுதியைப் பற்றி, அது மீறப்படவும் இல்லை, நிறைவேறவும் இல்லை என்ற பொருளில் சொன்னார். மூன்று நாளில் தண்ணீர் திறந்தார்கள்.

இந்த எதிர்ப்பை அறியாமை என்று எழுதியவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. பயந்தது தண்ணீரைப் பார்த்து இல்லை. மீன் விற்காமல் போனால் இழப்பு யார் தலையில் விழும் என்பதை 1954-லிருந்து பார்த்தவர்கள் அவர்கள். அதற்கும் ஜப்பானில் ஒரு சொல் இருக்கிறது, 'ஃபுஹ்யோ ஹிகாய்', வதந்தியால் வரும் நஷ்டம். அரசு மொத்தம் 8,000 கோடி யென் நிதி ஒதுக்கியதே அந்தப் பயம் நியாயம் என்பதால்தானே.

பிறகு நடந்ததில் கொஞ்சம் வேடிக்கையும் உண்டு. தண்ணீர் திறப்பதற்கு இரண்டு மாதம் முன்பே சோலில் மக்கள் உப்பு வாங்கிக் குவித்தார்கள். ஆளுங்கட்சி எம்.பி.க்கள் நோர்யாங்ஜின் மீன் சந்தைக்குப் போய், மீன் தொட்டியிலிருந்த கடல்நீரைக் கையால் அள்ளிக் குடித்தார்கள். சீனாவிலும் உப்புக் கடைகள் காலி, அந்த நாட்டு உப்பில் கடலிலிருந்து வருவது பத்தில் ஒரு பங்குதான் என்று உப்புக் கம்பெனியே அறிவிக்க வேண்டியிருந்தது. கிஷிதா கேமரா முன் ஃபுகுஷிமா மீனைச் சாப்பிட்டார். அரசியல்வாதி சாப்பிட்டுக் காட்டினால் யாருக்கு நம்பிக்கை வரும் என்று எனக்கு இதுவரை புரியவில்லை. 2011-ல் ஒரு ஜப்பான் எம்.பி. சுத்திகரித்த தண்ணீரைக் குடித்துக் காட்டினார். எல்லோருக்கும் ஞாபகம் இருப்பது அவர் கை நடுங்கியதுதான்.

நம் பக்கமும் இது தொடாமல் இல்லை. 2011-ல் இடிந்தகரையில் கூடங்குளம் எதிர்ப்பு பெரிதாக வெடித்தது ஃபுகுஷிமா படங்களைத் தொலைக்காட்சியில் பார்த்த பிறகுதான். 2013 மே மாதம் உச்சநீதிமன்றம் உலையை அனுமதித்தது. அங்கேயும் ஒரு பக்கம் நிபுணர் குழு அறிக்கை, இன்னொரு பக்கம் கட்டுமரக்காரர். எங்கள் சொந்தக்காரர்கள் இரண்டு கட்சியிலும் இருந்தார்கள், கல்யாண வீடுகளில் கை கலக்காத குறை.

சீனா விஷயத்துக்கு வருகிறேன். 2023 ஆகஸ்ட் 24 அன்றே ஜப்பானின் எல்லா மீனையும் தடைசெய்தது. முந்தைய வருஷம் சுமார் 8,700 கோடி யென்னுக்கு வாங்கிய முதல் வாடிக்கையாளர். அதில் பாதிக்குமேல் ஸ்காலப் என்ற சிப்பி. வருவது ஹொக்கைடோவிலிருந்து, ஃபுகுஷிமாவுக்கு எத்தனையோ நூறு கிலோமீட்டர் வடக்கே. ஜப்பான் சுட்டிக்காட்டியபடி, சீனாவின் சில அணுமின் நிலையங்களே வருஷத்துக்கு இதைவிட அதிக டிரிடியம் விடுகின்றன. உருகிய எரிபொருளைத் தொட்ட தண்ணீர் வேறு, சாதாரண உலைத் தண்ணீர் வேறு என்பது சீனாவின் பதில். அதில் கொஞ்சம் நியாயம் உண்டு, ஆனால் ஹொக்கைடோ சிப்பிக்கு அது பொருந்தாது. உள்நாட்டில் மட்டும் எதிர்பாராதது நடந்தது: ஜப்பானியர்கள் வீம்புக்கென்றே ஸ்காலப் வாங்கித் தின்றார்கள், ஃபுகுஷிமா மீன் விலையும் விழவில்லை.

2024 செப்டம்பரில் கூடுதல் பரிசோதனைக்கு இரு நாடுகளும் ஒத்துக்கொண்டன. 2025 ஜூன் கடைசியில், ஃபுகுஷிமா உட்படப் பத்து மாகாணங்கள் நீங்கலாக, சீனா தடையைத் தளர்த்தியது. நவம்பர் 5 அன்று ஹொக்கைடோவிலிருந்து 6 டன் ஸ்காலப் புறப்பட்டது. நவம்பர் 7 அன்று புதிய பிரதமர் தகாய்ச்சி, தைவான் நெருக்கடியில் ஜப்பான் படை தலையிட நேரலாம் என்ற பொருளில் நாடாளுமன்றத்தில் பேசினார். நவம்பர் 19 அன்று இறக்குமதி மறுபடியும் நின்றதாகச் செய்தி வந்தது. தண்ணீரில் புதிதாக எதுவும் மாறியிருக்கவில்லை. தொட்டிகள் காலியாக, அவர்கள் திட்டப்படியே, முப்பது வருஷம் வரை ஆகும்.