வலியே இல்லாமல் வீங்கும் பெருந்தமனி... நம் வெள்ளை அணுக்களே வில்லன் ஆவது எப்படி?

பழைய சைக்கிள் ட்யூபுக்குக் காற்றடிக்கும்போது ஒரு இடம் மட்டும் புடைத்துக்கொண்டு வருமே, பார்த்திருக்கிறீர்களா? இதயத்திலிருந்து வயிறு வரை இறங்கும் பெருந்தமனியிலும் அப்படியொரு புடைப்பு வரலாம். டாக்டர்கள் இதை 'அயோர்டிக் அனியூரிசம்' என்கிறார்கள். வயிற்றுப் பகுதியில் இந்தக் குழாயின் விட்டம் சுமார் 2 செ.மீ. அது 3 செ.மீ. ஆகிவிட்டால் அனியூரிசம். பெரும்பாலும் வலியே இருக்காது. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கப்போய் தெரிந்துகொண்டவர்கள்தான் அதிகம்.

'பிரஷர் ஏறினா குழாய் வீங்கத்தானே செய்யும்' என்று தோன்றலாம். பிரஷருக்கும் பங்கு உண்டுதான். ஆனால், முதலில் சுவர் பலவீனமாக வேண்டும். அதைச் செய்வது நம் உடம்பின் சொந்த ஆட்களே!

தமனிச் சுவரில் எலாஸ்டின் என்ற புரதம் ரப்பர் மாதிரி விரிந்து சுருங்கும். கொலாஜன் கயிறு மாதிரி இழுத்துப் பிடிக்கும். எலாஸ்டின் பெரும்பாலும் சிறு வயதிலேயே உருவாகிவிடுகிறது. பிறகு சிதைந்தால், பழைய தரத்தில் திரும்ப வராது.

சுவரில் அழற்சி வந்ததும் மேக்ரோபேஜ், நியூட்ரோபில் போன்ற வெள்ளை அணுக்கள் உள்ளே நுழைகின்றன. மேக்ரோபேஜ்கள் எம்.எம்.பி-9 போன்ற என்சைம்களையும், நியூட்ரோபில்கள் எலாஸ்டேஸையும் சுரக்கின்றன. புண் ஆறும்போது பழுதான திசுவை அகற்ற உதவும் கத்தரிக்கோல்கள் இவை. அவற்றுக்குக் கடிவாளம் போடும் புரதங்களும் உடம்பில் உண்டு. அந்தக் கடிவாளம் போதாமல் போனால், கத்தரிக்கோல் நல்ல நார்களையும் வெட்டும். வெட்டுப்பட்ட எலாஸ்டின் துண்டுகள் இன்னும் வெள்ளை அணுக்களைக் கூப்பிடும். அவை இன்னும் என்சைம் சுரக்கும். நார்களைப் புதுப்பிக்க வேண்டிய தசை செல்களும் மடிந்துபோகும்.

புடைப்புக்குள் அடுக்கடுக்காக ரத்தம் உறைந்திருக்கும். 'அடைப்பு மாதிரி அது சுவரைத் தாங்கும்ல?' என்று கேட்கத் தோன்றும். அதில் சிக்கும் தட்டணுக்களும் நியூட்ரோபில்களும் அங்கிருந்தும் என்சைம்களைக் கசியவிடுகின்றன என்பதுதான் சிக்கல்.

அப்போ என்சைமைத் தடுக்க மாத்திரை போட்டால் போதாதா? எம்.எம்.பி-யை அடக்கும் டாக்சிசைக்ளினை 2 ஆண்டுகள் கொடுத்து அமெரிக்காவில் சோதித்தார்கள். சிறிய அனியூரிசங்களின் வளர்ச்சி குறையவில்லை என்று 2020-ல் முடிவு வந்தது. அதனால் இன்றைக்கும் கண்காணிப்பு, 5.5 செ.மீ-யைத் தொட்டால் ஆபரேஷன் அல்லது தொடைத் தமனி வழியாக ஸ்டென்ட் என்பதுதான் பொதுவான வழி. பெண்களுக்கு இந்த எல்லை கொஞ்சம் குறைவு.

விஞ்ஞானி ஐன்ஸ்டீனுக்கு 1948-ல் இந்தப் புடைப்பைச் செலோபேன் தாளால் சுற்றி ஆபரேஷன் செய்தார் ருடால்ஃப் நிசன். 1955 ஏப்ரலில் அது கசிந்தபோது மறு ஆபரேஷன் வேண்டாம் என்று மறுத்துவிட்டார் ஐன்ஸ்டீன், அதிலேயே இறந்தார்.

யார் கவனிக்க வேண்டும்? முதலில் சிகரெட் பிடிப்பவர்கள், முன்பு பிடித்தவர்கள். புகை அழற்சியையும் என்சைம்களையும் சேர்த்துத் தூண்டுகிறது. 65 வயதைத் தாண்டிய ஆண்கள், பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ இது இருந்தவர்கள் ஒருமுறை வயிற்று அல்ட்ராசவுண்ட் எடுப்பது பற்றி டாக்டரிடம் கேளுங்கள். வலிக்காத, சீக்கிரம் முடிகிற டெஸ்ட்தான். திடீரென வயிற்றிலோ முதுகிலோ தாங்க முடியாத வலி, கூடவே தலைச்சுற்றல் என்றால் 'வாயுப்பிடிப்பு' என்று ஓமவாட்டர் குடித்துக் காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.

ஏற்கெனவே அனியூரிசம் இருப்பவர்கள் எந்தக் காய்ச்சலுக்குப் போனாலும் அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக்குகள் தமனி கிழியும் ஆபத்தைக் கூட்டலாம் என அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-ல் எச்சரித்திருக்கிறது.