ஆஞ்சியோசார்கோமா: கலமும் ஊனும்

‘ஆஞ்சியோ பார்த்தாச்சா?’ என்பது இன்று நம் வீடுகளில் சாதாரணக் கேள்வி. அந்த ‘ஆஞ்சியோ’வின் வேர் ‘ஆங்கெயோன்’ என்ற கிரேக்கச் சொல். நீரும் தானியமும் வைக்கும் கலத்துக்குப் பெயர் அது. குருதி ஓடும் குழாயையும் கிரேக்க மருத்துவர்கள் அப்படியே அழைத்தார்கள்.

பெயரின் மறுபாதி ‘சார்க்ஸ்’, அதாவது ஊன். ‘சார்கோமா’ என்றால் ஊன் வளர்ச்சி. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் கேலன் இச்சொல்லைச் சதை வளர்ச்சிகளுக்குப் பொதுவாக ஆண்டார். புற்று என்ற பொருள் அதில் கட்டாயமில்லை. 1804இல் லண்டன் அறுவை மருத்துவர் ஜான் அபர்நெத்தி, கட்டிகளை வகைபிரித்தபோது, தொட்டால் சதைபோல் திண்ணென்று இருந்தவற்றுக்கு இப்பெயரைத் தந்தார். 1860களில் ஜெர்மன் நோய்க்குறியியல் அறிஞர் ருடால்ஃப் ஃபிர்கோ நுண்ணோக்கியின் துணையோடு, இணைப்புத் திசுவில் பிறக்கும் கட்டிகளுக்கு இதை வரையறுத்தார். கைவிரல் அறிந்து வைத்த பெயர், கண் அறிந்து வைக்கும் பெயராயிற்று. குழாயின் உட்சுவர் உயிரணுக்களில் பிறக்கும் புற்று ஆஞ்சியோசார்கோமா ஆனது இவ்வழியில்தான்.

இந்தப் பெயர் செயற்கைக் குருதிக்குழாய்களின் அருகே வந்த கதை தனி. 1941இல் இங்கிலாந்தில் வேதியியலர்கள் வின்ஃபீல்டும் டிக்சனும் கண்ட பாலியெஸ்டர் இழை, அங்கே டெரிலின், அமெரிக்காவில் டேக்ரான். டெரிலின் சட்டையை நம்மவர்களும் அறிவார்கள். 1950களில் ஹூஸ்டனில் அறுவை மருத்துவர் மைக்கேல் டிபேக்கி அந்த டேக்ரான் துணியைத் தையல் எந்திரத்தில் குழாயாகத் தைத்தார். பழுதான பெருந்தமனிக்கு மாற்று கிடைத்தது, எண்ணற்றோர் பிழைத்தார்கள்.

மிக அரிதாக, அப்படிப் பொருத்திய குழாயை ஒட்டிச் சார்கோமா தோன்றியதாக 1970கள் முதல் மருத்துவ இதழ்கள் பதிவுசெய்துள்ளன. அதற்கு முன்பே, 1948இல், எலிகளின் சிறுநீரகத்தைச் செல்லோஃபேன் படலத்தால் சுற்றிய ஆய்வாளர்களான ஓப்பன்ஹைமர் தம்பதி, அதைச் சுற்றிச் சார்கோமா வளரக் கண்டிருந்தனர். பின்வந்த ஆய்வுகளில், வழுவழுப்பான படலமே அதிகம் தூண்டியது. துளையிட்டால் கட்டிகள் குறைந்தன. ஆனால் எலிக்கு நேர்ந்தது மனிதருக்கும் நேரும் என்று அதிலிருந்து முடிவுகட்ட இயலாது. பொருத்தப்பட்ட குழாய்கள் ஏராளம், பதிவான நோயாளிகள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். தற்செயலாகவும் இருக்கலாம். ஆகவே மருத்துவர்கள் ‘டேக்ரானால் வந்தது’ என்று எழுதுவதில்லை. ‘டேக்ரானுடன் தொடர்புள்ளது’ என்கிறார்கள். அந்த நிதானம் சரியானது. ஆஞ்சியோசார்கோமா என்ற பெயர் கட்டி பிறந்த இடத்தைச் சொல்லும், பிறந்த காரணத்தைச் சொல்லாது.

குழாய் பொருத்திக்கொண்டவர்கள் இதற்காக அஞ்ச வேண்டியதில்லை. முதுகுவலி, காய்ச்சல், உடல் மெலிவு என்று இந்நோய் வரும்போது, குழாயில் கிருமி புகுந்ததாகவோ கசிவு ஏற்பட்டதாகவோ எண்ண இடமுண்டு. ஸ்கேன் படமும் ஏமாற்றலாம். குழாயைச் சுற்றி எடுத்த திசுவை நோய்க்குறியியல் ஆய்வுக்கு அனுப்பினால்தான், ஃபிர்கோ காலத்திலிருந்து நுண்ணோக்கியே வழங்கிவரும் இந்தப் பெயர், உரிய நேரத்தில் உரிய நோயாளிக்குக் கிடைக்கும்.