கடிகார மாமாவும் அம்மாவின் வால்வும்

போன வருஷம் அம்மாவுக்கு இதய வால்வு மாற்றியபோது நான் இங்கே மஸ்கட்டில் இருந்தேன். ஊர் பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறை. நெஞ்சைத் திறக்காமல் தொடை ரத்தக்குழாய் வழியாக வைக்கும் 'டாவி' முறை. மூன்றாம் நாள் நாடித்துடிப்பு முப்பதுக்கு இறங்கி, அவசரமாகப் பேஸ்மேக்கர் வைத்தார்கள். "இப்படி ஆகும்னு யாருமே சொல்லலியேடா" என்றார் அம்மா போனில். பி.காம். படித்த பேங்க்காரனிடம் பதில் இல்லை. அப்புறம் தேடிப் படித்ததுதான் இந்தப் பதிவு.

எங்கள் குடும்பத்துக்கு வால்வு புதிதல்ல. பீர்மேடு எஸ்டேட்டில் வேலை பார்த்த மாமாவுக்கு 1996-ல் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திராவில் சித்ரா வால்வு வைத்தார்கள். ராத்திரி பக்கத்தில் படுத்தால் டிக் டிக் என்று கேட்கும். எங்களுக்கு அவர் 'கடிகார மாமா'.

வெளிநாட்டு வால்வின் விலை நம்மவர்களுக்குக் கட்டாது என்றுதான் டாக்டர் வலியத்தான் குழு அங்கே சொந்தமாக ஒன்று செய்ய இறங்கியது. டைட்டானியம், சஃபையர் எல்லாம் பார்த்து மூன்று மாடல் தோற்றது. நான்காவதில் கோபால்ட் கலப்பு உலோகக் கூண்டு, பிளாஸ்டிக் தட்டு. 1990 டிசம்பர் 6-ல் முதல் நோயாளிக்கு வைத்தார்கள். உயிர் கிடைத்தது, பதிலுக்கு ஆயுசு முழுக்க ரத்தம் உறையாத மாத்திரை. ரத்தப் பரிசோதனைக்கென்றே மாமா அடிக்கடி மலை இறங்குவார். 2014 வரை இருந்தார்.

டாவி பிறந்தது பிரான்சில். 2002 ஏப்ரல் 16, ரூவான் நகரில் டாக்டர் அலைன் கிரிபியே, ஆபரேஷன் தாங்காத 57 வயதுக்காரருக்கு முதலில் வைத்தார். வால்வு நன்றாக வேலை செய்தது. ஆனாலும் நான்கு மாதத்தில் வேறு சிக்கல்களால் அவர் இறந்தார்.

இதில் பழைய வால்வை வெட்டி எடுப்பதில்லை. சுண்ணாம்பு படிந்த அதை ஓரத்துக்கு நசுக்கிவிட்டு உள்ளே புதியது விரிகிறது. அதற்குச் சற்றுக் கீழேதான் இதயத்தின் மின்பாதை. அது அழுந்தினால் துடிப்பு தடைபடும். ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குப் பேஸ்மேக்கர் தேவைப்படுகிறது. வால்வின் வகையைப் பொறுத்துக் கூடும், குறையும். ஓரக் கசிவு, பக்கவாதம், தொடையில் ரத்தப்போக்கு ஆகியவையும் நேரலாம்.

வரவு இருந்தால் பற்றும் இருக்கும். கையெழுத்துப் போடும் முன் பற்றுப் பக்கத்தையும் கேளுங்கள். வீட்டுக்கு வந்தபின் தலைசுற்றல், மயக்கம், காய்ச்சல் வந்தால் தள்ளிப்போடாதீர்கள். பல் பிடுங்கும் முன் வால்வு இருப்பதைச் சொல்லுங்கள்.

அம்மா இப்போது நலம். "உங்க மாமாவுக்கு டிக் டிக், எனக்கு பேட்டரி" என்று சிரிக்கிறார்.