கதீட்ரல் சாலைக்குப் பெயர் கொடுத்த கதீட்ரல்



சென்ற பொதுக்குழுவில், வருஷத்துக்கு இரண்டு முறையாவது ஃபேஸ் ஒன்று, ஃபேஸ் இரண்டு என்று பார்க்காமல் எல்லோரும் சேர்ந்து சென்னையிலேயே ஒரு பழைய இடத்தைப் பார்த்து வரலாம் என்று முடிவானது. இடத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. புனித ஜார்ஜ் பேராலயம் என்று வாட்ஸ்ஆப் குழுவில் போட்டேன். அன்று மாலையே லிஃப்ட் வாசலில் இரண்டாம் ஃபேஸ் நண்பர் ஒருவர், "ஏன் சார், சர்ச்சுக்கா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. ஆனால் பதில் எதிர்பார்த்துத்தான் கேட்டார். எனக்கு உடனே வாயில் ஒன்றும் வரவில்லை. லிஃப்ட் வந்துவிட்டது, அவர் போய்விட்டார். அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலையும், போகிறவர்கள் முன்கூட்டித் தெரிந்துகொண்டால் நல்லது என்று தோன்றியவற்றையும் கீழே எழுதியிருக்கிறேன்.

கதீட்ரல் சாலை வழியாக நீங்கள் நூறு தடவையாவது போயிருப்பீர்கள். எங்கள் வயதுக்காரர்களுக்கு அது உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்த சாலை. காருக்குள்ளேயே உட்கார்ந்து தோசை சாப்பிட்ட இடத்தில் 2010-லிருந்து செம்மொழிப் பூங்கா இருக்கிறது. அதற்கு அருகில் மரங்களுக்கு நடுவே வெள்ளையாக ஓர் ஊசிக் கோபுரம் தெரியுமே, அதுதான் நாம் பார்க்கப் போவது. ஜெமினி மேம்பாலத்தில் ஏறி இறங்கும் அவசரத்தில் அந்தப் பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நானும் வேலையில் இருந்த வரை பார்த்ததில்லை.

இருநூறு வருஷத்துக்கு முன் அந்தப் பகுதிக்குச் சவுல்ட்ரி சமவெளி என்று பெயர். நம் 'சாவடி'யைத்தான் வெள்ளைக்காரர்கள் அப்படி உச்சரித்தார்கள். கோட்டைக்குள் நெருக்கியடித்து வாழ்ந்த கம்பெனி அதிகாரிகள், பயம் தெளிந்ததும் வெளியே வந்து இந்தப் பக்கம் பெரிய பெரிய தோட்ட வீடுகள் கட்டிக்கொண்டார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்கு, 1680-ல் கட்டிய கோட்டை செயின்ட் மேரீஸ் தேவாலயத்துக்கே போகவேண்டும். வெயிலில் அவ்வளவு தூரம். வீட்டுப் பக்கத்திலேயே ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள், 1815-ல் கட்டி முடித்தார்கள். 1816 ஜனவரியில் கல்கத்தாவின் முதல் பேராயர் மிடில்டன் வந்து பிரதிஷ்டை செய்தார். புறநகரில் குடியேறிய பிறகு கோயிலும் பள்ளிக்கூடமும் வேண்டும் என்று மனு எழுதும் நமக்கு இது ஒன்றும் புதிய கதை இல்லை.

அப்போது அது வெறும் தேவாலயம்தான், கதீட்ரல் இல்லை. பெரிய சர்ச்சைத்தான் கதீட்ரல் என்பார்கள் என்று நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அளவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கதீட்ரா என்றால் நாற்காலி. பேராயருடைய அதிகார நாற்காலி எந்தத் தேவாலயத்தில் இருக்கிறதோ அது கதீட்ரல். 1835-ல் சென்னைக்கென்று தனி மறைமாவட்டம் உண்டாகி, டேனியல் கோரி முதல் பேராயராக வந்தபோதுதான் இதற்கு அந்தத் தகுதி கிடைத்தது. வங்கி பாஷையில் சொன்னால், இருபது வருஷம் கிளையாக இருந்தது வட்டார அலுவலகம் ஆனது. கட்டடத்தில் ஒரு செங்கல்கூட மாறவில்லை, போர்டு மட்டும் மாறியது. கோரி வந்து இரண்டு வருஷம் முழுதாக ஆகும் முன்பே, 1837 பிப்ரவரியில் இறந்துபோனார். பிஷப் கோரி பள்ளியில் படித்தவர்கள் நம் குடியிருப்பிலும் இருக்கக்கூடும். அவர்கள் இவருடைய சிலை முன் ஒரு நிமிஷம் கூடுதலாக நிற்கலாம்.

கட்டடத்துக்கு வரைபடம் போட்டவர் ஜேம்ஸ் கால்டுவெல் என்ற ராணுவப் பொறியாளர். (ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் வேறு.) கட்டி முடித்தவர் தாமஸ் ஃபியோட் டி ஹாவிலண்ட். கொஞ்சம் முரட்டு ஆசாமி. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரிக்குக் குறுக்கே சில வளைவுகளை மட்டும் வைத்துப் பாலம் கட்ட முடியும் என்றார். மற்றவர்கள் நம்பவில்லை. 'முடியும், பாருங்கள்' என்று தன் வீட்டுத் தோட்டத்திலேயே ஒரு பெரிய செங்கல் வளைவைக் கட்டிக் காட்டினார். பாலம் வரவேயில்லை. மாதிரிக்குக் கட்டிய வளைவு மட்டும் நூறு வருஷத்துக்கு மேல் நின்று, 1937-ல் விழுந்தது. 1809-ல் கம்பெனியின் ஆங்கிலேய அதிகாரிகள் மேலிடத்தை எதிர்த்துக் கலகம் செய்தபோது அதில் சேர்ந்து வேலையை இழந்தார், பிறகு திரும்பப் பெற்றார். எழும்பூரில் இருக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் இவர் கைவேலைதான்.

உள்ளே போனதும் முதலில் தூண்களைப் பாருங்கள். பளிங்கு என்று சத்தியம் செய்யலாம் போல இருக்கும். அது சென்னைச் சுண்ணாம்பு. கிளிஞ்சலைச் சுட்டு அரைத்து, பூசிப் பூசி, தேய்த்துத் தேய்த்து ஏற்றிய மெருகு. செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குப் புரியும். டி ஹாவிலண்டின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. அந்தத் தூணைத் தேய்த்த கொத்தனார்களின் பெயரை எவரும் எந்தப் புத்தகத்திலும் எழுதி வைக்கவில்லை.

பளிங்கு என்றால் சிலைகள்தான். லண்டனில் அந்தக் காலத்தில் பேர்பெற்ற சிற்பி பிரான்சிஸ் சான்ட்ரி. தீவுத்திடலில் குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் மன்றோவைச் செய்தவர் அவர்தான். அதே கை செய்த இரண்டு வேலைகள் பேராலயத்துக்குள் இருக்கின்றன. ஒன்று, டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன். நுங்கம்பாக்கம் ஆண்டர்சன் சாலை இவர் பெயரால்தான். வைத்தியர், ஆனால் மனசெல்லாம் செடிகொடியில். சப்பாத்திக்கள்ளியில் வளரும் ஒரு பூச்சியிலிருந்து சிவப்புச் சாயம் எடுக்கலாம், ஸ்பெயின்காரர்கள் அதில்தான் பணம் குவிக்கிறார்கள், நாமும் செய்யலாம் என்று கிளம்பி, அரசாங்கத்தைச் சைதாப்பேட்டையில் கள்ளித்தோட்டமே போட வைத்துவிட்டார். சாயம் சரிப்பட்டு வரவில்லை, போட்ட பணம் போயிற்று. வாராக்கடன். பட்டுக்காக முசுக்கொட்டை வளர்ப்பதிலும் இறங்கினார். 1809-ல் இறந்தவருக்கு, அதற்குப் பின் எழுந்த கட்டடத்தில் சிலை.

இன்னொன்று, பேராயர் ஹீபர். திருச்சிக்காரர்களுக்கு அந்தப் பெயர்க் கல்லூரி தெரிந்திருக்கும். 1826-ல் சென்னைக்கு வந்து, தஞ்சாவூர் போய் சரபோஜி மன்னரைச் சந்தித்து, திருச்சியில் ஏப்ரல் 3 அன்று குளிக்கப் போன இடத்தில் நீரிலேயே உயிர் பிரிந்தது. 42 வயது. அவர் இரண்டு இந்தியர்களுக்குத் திடப்படுத்தல் சடங்கு செய்வதுபோல் சான்ட்ரி செதுக்கியிருக்கிறார்.

சுவர்களில் பதித்திருக்கும் நினைவுக் கற்களையும் படித்துப் பாருங்கள். முப்பத்திரண்டு வருஷம் பேரேடு பார்த்த பழக்கம், நான் வயதைத்தான் முதலில் கணக்குப் பார்த்தேன். வாழ்க்கை தொடங்கும் வயதில் எத்தனையோ பேர் போயிருக்கிறார்கள். வெளியே கல்லறைத் தோட்டத்தில் 1818-ல் முதலாவதாக அடக்கமானவர் எலிசபெத், டி ஹாவிலண்டின் மனைவி. தேவாலயத்தைக் கட்டியவரே அந்த மண்ணைத் திறக்க வேண்டியிருந்தது. அதற்குப் பக்கத்தில் போய் நான் விளக்கம் எதுவும் சொல்லப்போவதில்லை.

இனி, நான் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு உண்மையான காரணம். 1947 செப்டம்பர் 27. நாடு சுதந்திரம் அடைந்து ஆறு வாரம்தான் ஆகிறது. வடக்கே பிரிவினையின் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த நாளில் இந்தப் பேராலயத்தில் ஒரு சேர்க்கை நடந்தது. ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், பிரெஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் என்று தனித்தனியாக இருந்தவர்கள் ஒன்றாகி, தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. சி.எஸ்.ஐ. என்று நாம் தினமும் போர்டில் பார்ப்பது இதுதான்.

பேச்சு தொடங்கியது 1919-ல், தரங்கம்பாடியில். கூடியவர்கள் 33 பேர், பெரும்பாலும் இந்தியர்கள். ஐரோப்பாவில் எப்போதோ நடந்த சண்டைகளுக்காகத் திருநெல்வேலியில் இருக்கும் நாங்கள் ஏன் பிரிந்து கிடக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. முன்னின்றவர் திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்த வி. எஸ். அசரியா, முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயர். 1919-லிருந்து 1947 வரை கணக்குப் போடுங்கள், 28 வருஷம்.

எதில் இழுபறி? கடவுளைப் பற்றி அல்ல, பதவியைப் பற்றி. ஆங்கிலிக்கன் சபையில் பேராயர் கைவைத்துப் பட்டம் கொடுத்தால்தான் குரு. மற்ற சபைகளில் பேராயரே கிடையாது. அப்படியானால் அந்தச் சபைகளின் போதகர்கள் இணைப்புக்குப் பிறகு குருக்களா, இல்லையா? மறுபடி பட்டம் வாங்கு என்றால், இவ்வளவு நாள் செய்தது செல்லாது என்று ஆகிவிடும். யார் ஒப்புக்கொள்வார்கள்?

இதைப் படித்தபோது நான் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன். நான் வேலை பார்த்த வங்கியும் இன்னொரு வங்கியும் இணைந்தபோது, சீனியாரிட்டி பட்டியல் வந்த நாள் நினைவுக்கு வந்தது. அந்தப் பக்கத்திலிருந்து எங்கள் கிளைக்கு வந்த ஒருவர், என்னைவிட ஆறு வருஷம் மூத்தவர், பட்டியலில் எனக்குக் கீழே இருந்தார். அவர் எதுவும் பேசவில்லை. மதியச் சாப்பாட்டை மட்டும் அன்றிலிருந்து தனியாகச் சாப்பிட ஆரம்பித்தார். ஓய்வு பெறும் வரை அப்படித்தான். எனக்கு அந்தப் பட்டியல் லாபம், ஆகையால் நானும் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

சபைக்காரர்கள் கண்ட வழி இது. இணையும் நாளில் யார் எந்தச் சபையில் போதகராக இருக்கிறாரோ, அவர் அப்படியே குரு, மறுபட்டம் இல்லை. அன்றிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்கு மட்டும் பேராயர் பட்டம் கொடுப்பார். 30 வருஷம் போகட்டும், பழையவர்கள் ஓய்வு பெறட்டும், மிச்சத்தைப் பிறகு பேசிக்கொள்வோம். எவருடைய பழைய சர்வீஸையும் அடிக்காத ஏற்பாடு. எல்லோரும் மகிழவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் கடும் எதிர்ப்பு இருந்தது. கவிஞர் டி. எஸ். எலியட் எதிர்த்து ஒரு சிறு நூலே எழுதினார். ஆந்திரத்தில் நந்தியால் பகுதி ஆங்கிலிக்கன்களில் ஒரு பகுதியினர் சேர மாட்டோம் என்று வெளியே நின்றார்கள்.

அன்று இங்கே பேராயர்களாக உயர்த்தப்பட்டவர்களில் ஒருவர் லெஸ்லி நியூபிகின். பேராயர் பதவியே இல்லாத ஸ்காட்லாந்து சபையிலிருந்து வந்தவர், காஞ்சிபுரத்தில் பணியாற்றியவர், அப்போது 37 வயது. பின்னால் 1965 முதல் 1974 வரை சென்னைக்கே பேராயராக இருந்தார். அசரியா இல்லை. 1945 ஜனவரி முதல் தேதி இறந்துவிட்டார்.

லிஃப்ட் வாசல் நண்பருக்கு இப்போது புரிந்திருக்கும். நம் இரண்டு ஃபேஸ் சங்கங்களையும் இணைப்பது பற்றி ஏழு வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். வைப்புநிதி யாருடையது, முதல் ஃபேஸ் சம்ப்பில் இரண்டாம் ஃபேஸுக்குப் பங்கு உண்டா, யார் காலத்துச் செயலாளர் பெயர் கல்வெட்டில் வரும் என்று. அடுத்த பொதுக்குழுவில் மறுபடி வாக்கெடுப்பு வருகிறது. எனக்கு அதில் ஒரு கட்சி உண்டு, அதை இங்கே எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். 28 வருஷம் பேசியவர்கள் கடைசியில் கைகொடுத்துக்கொண்ட இடத்தில் நாமும் ஒரு மணி நேரம் ஒன்றாக நிற்கலாம் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

ஏற்பாடுகள். அடுத்த மாதம் மூன்றாம் சனிக்கிழமை காலை 7.30-க்கு முதல் ஃபேஸ் கேட்டிலிருந்து இரண்டு வேன்கள். ஞாயிறு வேண்டாம், அது அவர்கள் வழிபாட்டு நாள். அனுமதிக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுக்கிறோம். திருமணமோ அடக்க ஆராதனையோ இருந்தால் தேதி மாறும், முந்தின நாள் மாலை வரை குழுவைப் பார்த்துக்கொள்ளுங்கள். காலணி, புகைப்படம் இரண்டிலும் அங்கே சொல்கிறபடி நடப்போம். யாராவது ஜெபத்தில் இருந்தால் என் விளக்கவுரை நின்றுவிடும், நீங்களும் பேச்சை நிறுத்திவிடுங்கள். நடக்கச் சிரமப்படுகிறவர்கள் முதலிலேயே சொன்னால் சக்கர நாற்காலி ஒன்றை வேனில் ஏற்றிக்கொள்ளலாம், நம் கிளப் ஹவுஸில் ஒன்று சும்மாதான் கிடக்கிறது. கல்லறைத் தோட்டத்தில் நிழல் குறைவு, தொப்பியும் தண்ணீரும் அவசியம். குழந்தைகளுக்குச் சான்ட்ரியும் சபை இணைப்பும் அலுப்புத் தட்டும். அவர்களைப் பக்கத்தில் இருக்கும் செம்மொழிப் பூங்காவுக்குக் கூட்டிப்போக நம் இரண்டாம் ஃபேஸ் தாவரவியல் ஆசிரியை ஒப்புக்கொண்டிருக்கிறார்.

தலைக்கு 250 ரூபாய், வேனும் காலைச் சிற்றுண்டியும் சேர்த்து. மிஞ்சினால் திருப்பித் தருவேன், கணக்கு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். பெயர் கொடுக்க இரண்டு கேட்டிலும் செக்யூரிட்டியிடம் நோட்டு வைத்திருக்கிறேன். இதுவரை முதல் ஃபேஸ் 19, இரண்டாம் ஃபேஸ் 4. வேன் இருக்கைகளுக்குச் சீட்டு குலுக்கிப் போடப்போகிறேன், யாரும் இடம் பிடித்து வைக்க வேண்டாம்.