புதுச்சேரிக் கடற்கரை மணல் எங்கே போனது?

தொடர் விடுமுறை வந்தால் நம்மில் பலர் கிளம்பும் ஊர் புதுச்சேரி. கடல், நல்ல சாப்பாடு, மஞ்சள் சுவர் வீடுகள் என்று இரண்டு நாள் இனிதாகப் போய்விடும். ஆனால் அங்கே கடற்கரைச் சாலையின் பெரும்பகுதியில் மணலே இல்லை, கருங்கல் குவியல்தான் இருக்கிறது. ஏன் அப்படி? ஊரின் வரலாற்றிலேயே இதற்கு விடை இருக்கிறது.

1674-இல் பிரெஞ்சுக்காரரான பிரான்சுவா மர்த்தேன் இங்கே வணிகக் குடியேற்றத்தைத் தொடங்கினார். 1693-இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்து ஆறு ஆண்டுகள் வைத்திருந்தார்கள். இன்று நாம் வியக்கும் நேர்கோட்டு வீதிகளுக்கான வரைபடம் அவர்கள் காலத்தது. 1761-இல் ஆங்கிலேயர் கோட்டையையும் வெள்ளையர் பகுதியையும் இடித்துத் தள்ளினார்கள். 25 ஆண்டுகள் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை, ஊர் வீழ்வதற்குச் சில நாள் முன்புதான் காலமானார். 1765-க்குப் பிறகு பழைய வீதிகளின் தடத்திலேயே ஊர் மீண்டும் எழுந்தது. வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சு வீடுகள். மேற்கே திண்ணையும் தாழ்வாரமும் கொண்ட தமிழ் வீடுகள். ஆங்கிலேயர் பிடியிலிருந்து தப்பி 1908-இல் வந்த பாரதியார், பத்தாண்டுகள் இந்தத் தமிழ்ப் பகுதியில்தான் வாழ்ந்தார்.

இவ்வளவு பெரிய வணிக ஊருக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் ஆழ்கடலிலேயே நிற்கும். சரக்கும் மனிதர்களும் படகில் கரை சேர வேண்டும். அதற்காக 1866-இல் கடலுக்குள் இரும்புப் பாலம் ஒன்று கட்டப்பட்டது. 1952 புயலில் அது விழுந்தது. அதன் தூண்களின் மிச்சம் இன்றும் அலைகளுக்கு நடுவே தெரியும்.

1980-களின் இறுதியில், ஊருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில், கடலுக்குள் நீளும் கல் தடுப்புகளோடு புதிய துறைமுகம் வந்தது. சிக்கல் அங்கேதான் தொடங்கியது. நம் கிழக்குக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆண்டின் பெரும்பகுதியில் அலைகள் அதைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கொஞ்சம் திரும்பி வரும். கல் தடுப்பு அந்த ஓட்டத்தை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே இருந்த நகரக் கடற்கரைக்கு வரவேண்டிய மணல் வரவில்லை. அலை அரித்துக்கொண்டு போனதற்கு ஈடும் இல்லை.

சாலையைக் காக்கக் கருங்கற்கள் கொட்டினார்கள். 2004 சுனாமியில் அந்தக் கற்கள் நகரைக் காத்தது உண்மை. ஆனால் கல் மணலைக் கொண்டுவராது. அரிப்பு மேலும் வடக்கே, தமிழ்நாட்டு எல்லைக்குள் உள்ள மீனவக் கிராமங்களுக்கு நகர்ந்தது. நமக்குக் கடற்கரை உலாவும் இடம். அவர்களுக்குப் படகு ஏற்றவும் வலை காயவைக்கவும் இடம். வீட்டு வாசலையே கடல் தொட்டபோது அவர்கள் இழந்தது தொழிலை.

2018-இல் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கு அடியில் செயற்கைத் திட்டு ஒன்றை அமைத்தது. அலையின் வேகம் குறைந்து, அங்கே மணல் மீண்டும் சேர்ந்தது. இன்று குழந்தைகள் விளையாடும் அந்தச் சிறு மணல்வெளி இப்படித் திரும்பி வந்ததுதான்.

அடுத்த முறை போகும்போது மாலை ஆறு மணிக்கு மேல், வண்டிகள் நிறுத்தப்பட்ட பிறகு, கடற்கரைச் சாலையில் நடந்து பாருங்கள். 1836-ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கம், காந்தி சிலை, 1938-இல் எழுந்த பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம் எல்லாம் அருகருகே இருக்கின்றன. காலையில் வைசியாள் வீதித் தமிழ் வீடுகளையும் பாரதியார் இல்லத்தையும் பார்த்துவிடுங்கள். கற்களின் மேல் ஏறி இறங்கக் குழந்தைகளை விடாதீர்கள், வழுக்கும்.

போரில் இடிந்த ஊரை நான்கைந்து ஆண்டுகளில் மீண்டும் கட்டத் தொடங்க முடிந்தது. போன மணலில் ஒரு பகுதியை மீட்கவே முப்பது ஆண்டுகள் ஆயின. கடலோரத்தில் எதைக் கட்டினாலும் முதலில் மணல் போகும் வழியைக் கேட்க வேண்டும் என்பதுதான் புதுச்சேரி சொல்லும் பாடம்.