தாழி

அனகாபுத்தூருக்கு அண்மையிலுள்ள பல்லாவரத்தில், 1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள் இராபர்ட் புரூஸ் பூட் என்னும் புவியியலறிஞர் கற்காலக் கோடரியொன்றைக் கண்டெடுத்த வரலாறு பலரும் எழுதியதே. ஆதலின் அதனை விடுத்து, பிற்பாடு தொல்லியலறிஞர் அலெக்ஸாந்தர் ரீ அவ்வூர்ப் புறத்தே அகழ்ந்து வெளிப்படுத்திய மண்பாண்டத்தைப் பற்றிச் சிறிது ஆராயலாம். இறந்தோரை இடுதற்கென்று சுட்ட மண்ணாலாகிய நீண்ட தொட்டி அது. அடியில் வரிசையாகக் குட்டைக் கால்கள். குயவன் திகிரியில் வனைய இயலாத உருவம். இதனையும் நம்மவர் ‘முதுமக்கள் தாழி’ என்றே சொல்லிவிடுகின்றனர்.

தாழி என்பது ஆதியில் பிரேதத்தோடு மட்டும் சம்பந்தமுடைய சொல்லன்று. வாய் அகன்று வயிறு ஆழ்ந்த பெரும் பாத்திரம் எதுவாயினும் தாழியே. ‘தாழ்’ என்னும் அடியிலிருந்து பிறந்ததென்பது என் அபிப்பிராயம். குவளை வளர்த்ததும் தாழி, தயிர் கடைந்ததும் தாழி. மன்னார்குடி இராஜகோபாலனுக்கு வெண்ணெய்த்தாழி உற்சவம் இன்றும் நடக்கிறது. வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்ததாகச் சலித்துக்கொள்ளும் நம் வீட்டுப் பெண்களுக்கு ஈமக்காட்டின் நினைவு சற்றும் வருவதில்லை.

அப்பாத்திரமே இறந்தோரை இடவும் உபயோகப்பட்டது. கிள்ளிவளவன் மறைந்தபோது ஐயூர் முடவனார், அத்துணைப் பெரிய மன்னனுக்கேற்ற தாழியை எவ்வாறு வனைவாய் என்று குயவனை நோக்கி இரங்குகின்றார். புறநானூற்றின் வேறொரு பாட்டில், கணவனை இழந்தாள் ஒருத்தி தனக்கும் இடமிருக்குமாறு அகலமாக வனைந்து தருமாறு வேண்டுகின்றாள். பின்னதில் உள்ள சோகம் முன்னதின் கற்பனைக்கு எட்டாதது. மணிமேகலையோ, சுடுதல், இடுதல் முதலியவற்றோடு தாழியிற் கவித்தலையும் ஒரு முறையாக எண்ணுகின்றது.

அவ்வழக்கம் ஒழிந்தபின், சாகாமல் சுருங்கிப்போன கிழவர்களைச் சோறும் விளக்கும் வைத்து உள்ளே இறக்கிய சாடி என்று கிராமத்தார் கதை கட்டினர்.

வடிவத்தைக் கருதினால் பல்லாவரத்துக் காலுடைய பாண்டத்துக்கு ஈமப்பேழை என்னும் பெயரே தகும். ஆயினும், வடிவம் பற்றிப் பிறந்த சொல் ‘முதுமக்கள்’ என்னும் அடையோடு சேர்ந்தபின் தொழிலைப் பற்றிக்கொண்டுவிட்டமையால், அதனைத் தாழி என்பாரைப் பிழைகூற நான் துணியேன்.