ஏடு காத்த கோட்டையூர் ரோஜா முத்தையா

ஓலைச்சுவடிகளைத் தேடியலைந்து தமிழுலகிற்கு மீட்டளித்த பெரியோர் வரலாற்றை அன்பர் பலரும் அறிவர். திருவாவடுதுறை ஆதீனத்தின் நிழலில் தமிழ் கற்ற உ. வே. சாமிநாதையரவர்கள் 1887ஆம் ஆண்டில் சீவகசிந்தாமணியை அச்சேற்றிய செய்தி நாடறிந்தது. ஆயின், அங்ஙனம் அச்சேறிய நூல்களைப் பின்னர்க் காத்தவர் யாவர் என்று வினவியோர் மிகச் சிலரே. சுவடிதான் அழியும், அச்சு நூல் அழியாது என்று நம்மவர் எண்ணியிருந்தனர். உண்மை இதற்கு மாறானது. நன்கு பேணிய பனையோலை முந்நூறு ஆண்டும் நிற்கும். மரக்கூழினாற் செய்த மலிவுத் தாளோ நூறாண்டு நிறையுமுன்னரே பழுத்து, விரல் பட்ட இடத்தில் அப்பளம்போல் நொறுங்கிவிடும். இவ்வுண்மையை உணர்ந்து, அச்சுத் தாளுக்காகவே தம் வாழ்நாளைச் செலவிட்டவர் ஒருவர் உண்டு.

காரைக்குடிக்கு அணித்தாயுள்ள கோட்டையூர், கல்விக்கு வாரி வழங்கிய வள்ளல் அழகப்பச் செட்டியாரைத் தந்த ஊர். அவ்வூரிலே அந்நகரத்தார் குலத்திலேயே தோன்றியவர் முத்தையச் செட்டியார். ரோஜா முத்தையா என்றால்தான் உலகம் அறியும். குலத்தவர் பலரும் வட்டித் தொழிலை நாடிக் கடல் கடந்து சென்ற காலத்தில், இவர் கைக்கொண்டது விளம்பரப் பலகை எழுதும் ஓவியத் தொழில். அதன்பொருட்டுச் சென்னையில் வாழ்ந்த நாளில் மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளே அவருக்குக் கல்லூரியாயின. 1985ஆம் ஆண்டில் அவ்வங்காடி தீக்கிரையாயிற்று. அங்கிருந்து அவர் முன்னரே விலைகொடுத்துக் கொண்டுவந்தவை கோட்டையூரிலே பத்திரமாயிருந்தன.

அவர் சேர்த்தவை எவை என்பதே ஈண்டுக் கருதத்தக்கது. 1835ஆம் ஆண்டில் அச்சகம் நடத்துதற்கிருந்த தடை நீங்கிய பின்னர்த் தமிழகத்தில் அச்சுக்கூடங்கள் பெருகின. புராணங்களும் சாத்திரங்களும் மட்டுமன்றி, கும்மி, சிந்து, அம்மானை, நாடகப் பாட்டு, மருத்துவம், சோதிடம், சமையல் எனக் காலணா, அரையணாவுக்கு விற்ற சிறு நூல்கள் திருவிழாக் கடைதோறும் குவிந்தன. கற்றறிந்த புலவர் இவற்றைத் திரும்பியும் பார்த்திலர். படித்து முடித்தவர் பலசரக்குப் பொட்டலத்திற்குக் கொடுத்தனர். இஃது நம் புலமை மரபின் குறை என்று ஒப்புக்கொள்ளுதலே நேர்மையாகும். முத்தையா அவற்றையே தேடினார். திருமண அழைப்பிதழ், நாடக விளம்பரம், கடிதம், துண்டு வெளியீடு ஆகியவற்றையும் விட்டிலர். ஓர் ஊரில் எவ்வாண்டில் எந்தக் குழு நாடகம் ஆடியது, ஒரு திருமணத்தை எந்தச் சொற்களால் அறிவித்தனர் என்பனவற்றைக் கல்வெட்டும் கூறாது, காவியமும் கூறாது. அத்தகைய துண்டுத் தாளே கூறும்.

மற்றொன்றும் சொல்லவேண்டும். சமயத்தைப் போற்றும் நூலும் அதனைச் சாடும் நூலும் அவர் அடுக்கில் அருகருகே நின்றன. ஒரு பக்கத்தை மட்டும் காத்தால் என்ன நேரும் என்பதற்குச் சைவ உலகமே சான்று. 1867ஆம் ஆண்டில் இராமலிங்க அடிகளின் திருவருட்பா அச்சில் வெளிவந்தபின், ஆறுமுக நாவலர் சார்பினரும் அடிகள் சார்பினரும் வெளியிட்ட கண்டனங்கள் பல. இரு திறத்தாரின் தாள்களும் கிடைத்தாலன்றி அவ்வழக்கின் உண்மை புலனாகாது. தமக்கு உவப்பில்லாததைக் கிழித்தெறிதல் எளிது. விலைகொடுத்து வாங்கிக் கறையான் அரியாமற் காப்பது எளிதன்று.

நாளடைவில் உள்நாட்டு ஆராய்ச்சியாளரும் வெளிநாட்டு அறிஞரும் கோட்டையூர் வீட்டைத் தேடி வந்தனர். பெரிய நூலகங்களில் இல்லாத பதிப்பு அங்கே இருந்தது. அரசின் ஆதரவோ பல்கலைக்கழகத்தின் துணையோ இன்றித் தனிமனிதர் ஒருவர் தம் கைப்பொருளால் நடத்திய பணி அது.

1992ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். வீட்டிலிருந்த தொகுப்பு 50,000த்திற்குக் குறைந்ததன்று. இத்தகைய தனித் தொகுப்புகள் உரியவர் மறைந்ததும் பாகம் பிரிந்தும் எடைக்கு விற்றும் சிதறிப்போவதே நாம் கண்ட வழக்கம். தமிழ்நாட்டில் செல்வத்திற்குப் பஞ்சமில்லை. எனினும் இத்தொகுப்பு முழுவதையும் விலைகொடுத்து வாங்கியது கடல் கடந்த சிக்காகோ பல்கலைக்கழகம். இது தமிழர் நாணத்தக்க செய்தியே. ஆயினும் அப்பல்கலைக்கழகத்தார் நூல்களைத் தம் நாட்டுக்குக் கொண்டுபோகாமல் தமிழ் மண்ணிலேயே இருத்த இசைந்தனர். 1994ஆம் ஆண்டில் சென்னையில் அவர் பெயராலேயே ஆராய்ச்சி நூலகம் நிறுவப்பெற்றது. மொழி அறக்கட்டளையினர் அப்பணியில் துணைநின்றனர். பின்னர் அது தரமணியில் இடம்பெற்றது.

அங்கே முதற்பணியாக, நொறுங்கும் நிலையிலிருந்த நூல்களைப் பக்கம் பக்கமாகப் படச்சுருளிற் பதிவு செய்தனர். பொட்டலத்திற்குத் தப்பிய அரையணாச் சிந்து நூலும் அப்பதிவில் இடம்பெற்றது.